தும்பைத் திருடன்

என் வீட்டுக்காரரை எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் பூத்திருடன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிண்டல்தான். அவரும் சிரித்துக்கொள்கிறார். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது நான். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு மாதிரி கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எவனோ கண் காது வைத்துச் சொல்வதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறோம். வரிசை வீடு. கார் நிறுத்துகிற இடம் முழுக்கச் சிமெண்டு. கேட்டுக்கு வெளியே, கால்வாயைத் தாண்டி, ரோட்டுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு மண் இருக்கிறது. அது நகராண்மைக் கழகத்தின் நிலம். இருந்தாலும் எல்லார் வீட்டிலும் அதில் எதையாவது நட்டு வைத்திருப்பார்கள். கறிவேப்பிலை, பண்டான், செம்பருத்தி, யாரோ ஒருவர் வாழைகூட வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு முன்னால் வெறும் புல்தான். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன்னால் போய், பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, மத்தியானம் மறுபடியும் ஓடவேண்டும். செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சுகிற ஆள் இல்லை நான். வைத்த துளசியையே இரண்டு தடவை சாகடித்திருக்கிறேன்.

தும்பையை நான் பக்தியில் வளர்க்கவில்லை. கோபத்தில் வளர்த்தேன்.

எங்கள் பக்கத்துச் சிவன் கோயிலுக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருந்தது. மழை பெய்தால் அங்கே தும்பை தானாக முளைக்கும். யாரும் விதைத்ததில்லை. இந்த மண்ணில் நமக்கு முன்னாலிருந்தே இருக்கிற செடி அது. மலாய்க்காரர்கள் கெத்தும்பாக் என்பார்கள், கண் கட்டிக்கு அதன் இலையைக் கசக்கிக் கட்டுவார்கள். கப்பலேறி வந்தது நாம்தான், தும்பை இல்லை. திங்கட்கிழமைகளில் வேனை ஓரம் கட்டிவிட்டு நான் அங்கே போய் ஒரு கைப்பிடி பறித்துக் குருக்களிடம் கொடுப்பேன். என் கோயில் வேலை அவ்வளவுதான்.

ஒரு நாள் போய்ப் பார்த்தால் அந்த இடம் முழுக்க மஞ்சளாகச் சுருண்டு கிடந்தது. மருந்து அடித்திருந்தார்கள். கார் நிறுத்தச் சிமெண்டு போடப் போகிறார்களாம். நான் நேராக மண்டபத்துக்குப் போனேன். கோயில் கமிட்டிச் செயலாளர் அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் தாமானில் பின்வரிசையில் இருப்பவர்தான். காலையில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவார். சிவன் கோயிலில் தும்பைக்கு மருந்து அடிக்கிற அறிவு உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். மெதுவாகக் கேட்கவில்லை. அன்னதானத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள்.

அவர், "அக்கா, களைக்குப் போயா சண்டை போடறீங்க? பூவுக்கா பஞ்சம்? கேமரன் மலைலேருந்து செவ்வந்தி வருது, ஆர்க்கிட் வருது" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை. இனி என் வீட்டிலிருந்து ஒரு பூ, ஒரு இலை இந்தக் கோயிலுக்குள் வராது, நானும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மண்டபம் முழுக்கக் கேட்டது. வரும்போது வெளிச் சுவர் ஓரத்தில் ஒரே ஒரு தும்பைச் செடி மருந்து படாமல் தப்பித்து நின்றது. காய்ந்துபோய் எலும்பாக இருந்தது. அதை வேரோடு பிடுங்கி வேனின் முன்சீட்டில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் புல்லின்மேல் தலைகீழாகப் பிடித்து உதறினேன். கறுப்பாகக் கொஞ்சம் விதை கொட்டியது. கடுகைவிடச் சின்னது. அதுதான் ஆரம்பம்.

முதல் தடவை முளைத்ததைப் புல் வெட்ட வந்தவர்கள் மெஷினால் சீவிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கு அது புல். ஓரத்தில் இருந்தது மட்டும் தப்பியது. அப்புறம் நான் பழைய செங்கல்லை வரிசையாக நட்டு எல்லை கட்டினேன். அந்தத் தப்பித்த செடிகளிலிருந்து விழுந்தது அடுத்த மழைக்கு முளைத்தது. கால்வாயில் அடித்துக்கொண்டு போனது பாதி.

தும்பை ஒரு பருவச் செடி. முளைக்கும், பூக்கும், விதை போடும், காய்ந்துவிடும். மல்லிகை மாதிரி வருஷக்கணக்காக நிற்காது. உரம் போட்டால் இலையாக வளர்ந்து நிற்கும், பூ வராது. ஆழப் புதைத்தால் முளைக்காது, மண்ணின்மேல் தூவிக் காலால் லேசாக மிதித்தால் போதும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சாகடித்துச் சாகடித்துத் தெரிந்துகொண்டேன். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். தண்டைச் சுற்றிப் பந்து பந்தாக உட்கார்ந்திருக்கும் பச்சைக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு வெள்ளைப் பூ நாக்கை நீட்டும். வெயில் வந்ததும் சின்னத் தேனீக்கள் வந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுப் போகும். சாயங்காலம் வெள்ளை தானாகக் கழன்று செங்கல்லின்மேல் விழும். அப்புறம் அந்தக் கிண்ணத்துக்குள் விதை பிடிக்கும். கீழே இருக்கிற பந்து முதலில் பூக்கும், அப்புறம் அதற்கு மேலே, அப்புறம் அதற்கும் மேலே.

போன மழைக்குப் பிறகு செங்கல் வரிசைக்குள் தும்பை அடர்த்தியாக வந்தது. என் கையால் வந்த முதல் உருப்படியான விஷயம் அது என்று எனக்கு ஒரு மப்பு. வேனை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். கோயில் கொல்லையில் இனி அது கிடையாது. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் என் வீட்டு முன்னால்தான் இருக்கிறது. நான் விதை எடுத்து வைக்கவும் இல்லை. எல்லாம் அந்தச் செடிகளின் தலையில்தான் இருந்தது. அவை விதை போடாமல் காய்ந்தால் அதோடு முடிந்தது.

அப்போதுதான் பூ காணாமல் போக ஆரம்பித்தது.

இருட்டில் நான் கிளம்பும்போது, வேன் விளக்கில் மொட்டுகள் வெள்ளையாகத் தெரியும். முதல் ஓட்டம் முடித்து வந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் ஒரு பூ இருக்காது. கிண்ணங்கள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சாயங்காலம் விழவேண்டியது காலையிலேயே எப்படி விழும்? யாரோ இழுத்துக்கொண்டு போகிறார்கள். தும்பையைப் பறிப்பது சுலபம். வெள்ளையைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் கையோடு வந்துவிடும், கிண்ணம் செடியிலேயே இருக்கும். ஒன்றிரண்டு கிண்ணத்தை நகத்தால் பிளந்து பார்த்தேன். உள்ளே தவிடு மாதிரி இருந்தது. விதை இல்லை.

பூப் பறிப்பவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஆத்திரம் உண்டு. நம் ஆட்களுக்கு இந்தப் பழக்கம் ஒன்று. காலையில் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது, ஊரார் வேலியில் இருப்பதை எல்லாம் பறிப்பது, கேட்டால் சாமிக்கு என்பது. சாமி என்று சொல்லிவிட்டால் திருட்டு இல்லையாம். செம்பருத்தி நாளைக்கும் பூக்கும், போகட்டும். தும்பை அப்படியா?

ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடலாம் என்று முடிவு செய்தேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரருக்கு முத்து முத்தான கையெழுத்து. அவரை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எல்லையைத் தாண்டிச் சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலைக்கு மோட்டாரில் போய் வந்துகொண்டிருந்தவர். ஒரு மழை நாளில் திரும்பி வரும்போது விழுந்து இடது முட்டி போய்விட்டது. அந்தக் கால் இப்போதும் முழுசாக மடங்காது. வேலையும் போனது. வீட்டில் சமைப்பார், துணி காயவைப்பார், கோப்பிக்கடைக்குப் போவார். அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேசுகிற வேலையை நான்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"என்னா எழுதணும்?" என்று கேட்டார்.

"பூ பறிக்காதே. பறித்தால் சாமி கண்ணைக் குத்தும்."

அவர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தார். "சாமிக்குத்தான் பறிக்கிறாங்கன்னா?"

"அவங்க கண்ணத்தான் மொதல்ல குத்தணும். எழுதுங்க."

எழுதினார். வளையல் மாதிரி சுழித்துச் சுழித்து அழகாக எழுதினார். அவரே கயிறு கட்டி, செங்கல் பக்கத்தில் குச்சி நட்டு, கோணல் இல்லாமல் தொங்கவிட்டார். மறுநாள் காலை பூ இல்லை. அட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுச் சீன அங்கிள் வாசலில் கேமரா வைத்திருக்கிறார். அது எங்கள் கேட்டையும் பாதி பார்க்கும். அவரிடம் போய்க் கேட்டேன். "ரும்புட் பூன் அடா ஓராங் சூரி?" என்று கேட்டுச் சிரித்தார். புல்லைக்கூடத் திருட ஆள் இருக்கிறதா என்று. இருந்தாலும் காலையில் பதிவானதைத் தேடி எடுத்து என் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தார். அது வந்தபோது நான் பள்ளிக்கூட வாசலில் வேனில் இருந்தேன்.

விடிந்தும் விடியாத நேரம். தூறல். ஒரு ஆள் ஹெல்மெட்டோடு வருகிறார். நம்மூர் மோட்டார்காரர்கள் போடுகிற மாதிரி ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். செடிக்கு முன்னால் நிற்கிறார். ஒரு கையால் செடியைத் தொட்டு ஹெல்மெட் கண்ணாடியில் ஒற்றிக்கொள்கிறார். அப்புறம் ஒரு காலை நேராக நீட்டி, இன்னொரு காலில் குந்தி, ஒவ்வொரு பூவாக எடுத்து டப்பாவில் போடுகிறார். அவசரமே இல்லை. மேலே இருப்பது, நடுவில் இருப்பது எல்லாம் எடுக்கிறார். கையை ஊன்றி எழுந்து போய்விடுகிறார். அவ்வளவுதான். முகம் தெரியவில்லை.

எனக்கு முகம் வேண்டியிருக்கவில்லை. பார்த்தவுடனே அது செயலாளர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். உயரம் சரியாக இருந்தது. காலையில் எழுந்து திரிகிறவர் அவர்தான். கோயில் தும்பைக்கு மருந்து அடித்துவிட்டு என் வீட்டில் வந்து திருடுகிறார் என்று நினைத்தபோது எனக்குக் கொதித்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது. மாட்டினான் என்று இருந்தது.

எங்கள் தாமான் தமிழர்களுக்குக் கைப்பேசியில் ஒரு புலனக் குழு இருக்கிறது. யார் வீட்டில் காதுகுத்து, எந்த ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, யாருடைய நாய் காணவில்லை என்று எல்லாம் அதில்தான் வரும். நான் அந்தப் படத்தை அதில் போட்டேன். கீழே எழுதினேன்: "என் வீட்டு வாசலில் தினமும் வந்து பூத் திருடும் இந்த நாய் யார்? கோயில் வேலை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரியும் பூத்திருடனை யாருக்காவது அடையாளம் தெரிந்தால் சொல்லவும்."

கோயில் வேலை என்று போட்டது செயலாளருக்கு உறைக்கவேண்டும் என்றுதான்.

அவரிடமிருந்துதான் முதல் பதில் வந்தது. "அக்கா, இது நான் இல்லை. யாரென்று எனக்குத் தெரியும். குழுவில் வேண்டாம். வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்" என்று தன்மையாக எழுதியிருந்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேறு யாராவது இருந்தால் நிறுத்தியிருப்பார்கள். நான், தெரிந்தால் பேரைச் சொல்லவேண்டியதுதானே, எதற்கு மூடி மறைக்கிறீர்கள், பங்கு வருகிறதா என்று எழுதினேன்.

அதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. யாரும் எழுதவில்லை. எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. அப்புறம் முனை வீட்டுப் பெண், சின்ன வயசு, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்டேன். பக்கத்து வேன்காரரும் கேட்டார்.

"அக்கா, அந்தக் கால பாருங்க க்கா. அலமாக், அது நம்ம அண்ணன் லா."

படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். நீட்டின கால் இடது கால். கையை ஊன்றி எழுந்திருக்கும்போது ஒரு நொடி நிற்கிறார் பாருங்கள், வலி போகட்டும் என்று நிற்கிற நிற்பு அது. அந்த ஜாக்கெட் அவருடைய பழைய ஃபேக்டரி ஜாக்கெட். அதை நான் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டதாக நினைத்திருந்தேன்.

அந்த முட்டிக்கு நான் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அந்தக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தாமானில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு தடவை பார்த்ததும் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். எனக்குத் தெரியவில்லை. சண்டைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது எனக்கு. அந்த ஆள்தான் படத்தில் தெரிந்தார்.

குழுவில் நான் போட்டதை அழித்தேன். அதற்குள் அதை நாலு குழுவுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். யாரோ ஒருவன் அதற்குப் பாட்டு வேறு போட்டிருந்தான். நாய் என்ற வார்த்தை மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வேனை எப்படி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியாது.

அவர் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கைப்பேசி பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. அவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

"பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா விடுவியாம்மா நீ?"

விடமாட்டேன். அது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் கோயிலோடு சண்டை போட்ட பிறகும் அவர் காலைப் பூஜைக்குப் போவதை விடவில்லை. நான் வேனில் கிளம்பியதும் மோட்டாரில் போவார், நான் வருவதற்குள் வந்து கோப்பி கலக்கி வைத்துவிடுவார். தும்பை பூத்ததும் கொண்டுபோய்க் குருக்களிடம் கொடுத்தாராம். அர்ச்சனை என் பெயரில், என் நட்சத்திரத்தில். நான் வராத கோயிலில் தினமும் என் பெயரை வாசித்திருக்கிறார்கள். செயலாளர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. ஆத்திரம்தான் முதலில் வெளியே வந்தது. விதையெல்லாம் போச்சே, அதைத் தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்டேன்.

அவர் நிஜமாகவே திகைத்தார். "பூவத்தானே எடுத்தேன். கிண்ணத்துல கையே வைக்கல. விதை அதுலதானே இருக்கு?"

தேனீ வருவதற்கு முன்னால் வெள்ளையை இழுத்துவிட்டால் கிண்ணத்தில் ஒன்றும் பிடிக்காது என்று சொன்னேன். சிவனுக்குத் தும்பை பறிக்கிற எந்த ஆளைக் கேட்டாலும் அவர் சொன்னதைத்தான் சொல்வார்கள். கோயில் கொல்லையில் நானும் அப்படித்தான் பறித்தேன். அங்கே செடி காடாய்க் கிடந்தது, தெரியவில்லை. என் வீட்டில் ஒரு பாய் அகலம்தான்.

அவர் வெங்காயத் தோலைக் கூட்டி எடுத்துக் குப்பையில் போட்டார். கையைக் கழுவினார். அப்புறம், என்னைப் பார்க்காமல், "நான்னு தெரியலையா உனக்கு?" என்றார்.

"ஹெல்மெட்டு போட்டிருந்தீங்க."

"ம்."

அதோடு போய்விட்டார். நாய் என்று சொன்னதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

மறுநாளிலிருந்து பூவை யாரும் பறிக்கவில்லை. நான் கேட்டது கிடைத்தது. காலையில் வந்து பார்த்தால் செடி முழுக்க வெள்ளை. தேனீக்கள் மொய்த்தன. சாயங்காலம் செங்கல்லின்மேல் பூ கொட்டிக்கிடந்தது. அவர் வீட்டிலேயே இருந்தார். கோயிலுக்குப் போகவில்லை. கோப்பிக்கடைக்கும் போகவில்லை. பிரதோஷம் வந்தது, அன்றைக்கும் போகவில்லை. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஆனால் பக்கம் திருப்பமாட்டார். முன்கதவைச் சாத்தியே வைத்திருந்தார். மோட்டாரின் சீட்டில் தூசி படிந்தது. நான் வேலையில்லாத பேச்சாகப் பேசிப் பார்த்தேன். மீன் என்ன விலை, எந்தப் பள்ளியில் வாசல் மாற்றிவிட்டார்கள் என்று. அவர் ம் ம் என்றார்.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வாய் வரவில்லை. சண்டைக்கு வருகிற வாய் இதற்கு வரவில்லை. செயலாளரிடமும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை வேனில் போகும்போது அவர் ஓடிக்கொண்டு எதிரில் வந்தார். கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். நான் விளக்கைத் தணித்துவிட்டு ரோட்டைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சிவராத்திரி வந்தது. தும்பை கொடுக்க ஆசைப்படுகிற எவருக்கும் அதுதான் நாள். செடிகள் உச்சியில் பூத்துக்கொண்டிருந்தன. அதற்கு மேல் பூக்காது, அதுதான் கடைசி. அதை விட்டுவைத்தால் விதை கிடைக்கும். பறித்தால் அநேகமாக இல்லை. அவர் முதல் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, வேட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் மடித்து அலமாரியில் வைத்ததை நான் பார்த்தேன்.

அன்று பள்ளி இல்லை. நான் விடிவதற்கு முன்னால் எழுந்து, ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு வெளியே போனேன். என் செடியில் நான் பூப் பறித்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு பூவாக இழுத்தேன். ரொம்ப லேசாக வருகிறது. இழுக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு விதை என்று மனதில் ஓடியது. நிறுத்தவில்லை. எதிர்வீட்டுக் கேமரா பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்க்கட்டும்.

மோட்டார் சீட்டைத் துடைத்து, டப்பாவை அதன்மேல் வைத்தேன். அவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். டப்பாவைப் பார்த்தார், செடியைப் பார்த்தார்.

"விதை?" என்றார்.

"கெடக்கு. போயிட்டு வாங்க."

டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். அப்புறம் மோட்டாரின் பெட்டியைத் திறந்து, அந்தப் பழைய ஜாக்கெட்டை எடுத்து, என் முன்னாலேயே முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நீயும் வரியா?" என்று கேட்டார். வரமாட்டேன் என்றேன். அந்தச் சிமெண்டில் நான் இன்னும் கால் வைக்கவில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை, மருந்து அடித்தது தப்புதான்.

அவர் போய் வந்தார். அன்றைக்குக் கோயிலில்தான் அந்தப் பெயர் ஆரம்பித்ததாம். உள்ளே நுழைந்ததும் எவனோ, "வந்துட்டாரு லா நம்ம பூத்திருடன்" என்று சத்தம் போட, எல்லாரும் சிரித்து, இவரும் சிரித்திருக்கிறார். வந்து என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. சிரிக்காததால் அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது எனக்கு.

வெயில் காலத்தில் செடிகள் காய்ந்தன. அவற்றைப் பிடுங்கிச் செய்தித்தாள் விரித்து, வாசலில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு, நான் தரையில். ஒவ்வொரு பந்தாக உடைத்து உதறினோம். மேலே இருந்த பந்துகளில் ஒன்றும் இல்லை, தவிடுதான். நடுவில் சிலவற்றில் இருந்தது, அவர் கோயிலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் பூத்தவை. கடைசியாக அடித்தண்டில் இருந்த பந்துகளை உடைத்தபோது கறுப்பாகக் கொட்டியது. மண்ணை ஒட்டினாற்போல் இருந்தவை. அவ்வளவு கீழே குனிய அவருடைய முட்டி விட்டிருக்காது.

அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "பாத்தியா. திருடனுக்கு முட்டி வலி இருந்தது நல்லதாப் போச்சு" என்றார்.

முனை வீட்டுப் பெண் பையோடு அந்தப் பக்கம் போனாள். "என்னா அண்ணே, பூ முடிஞ்சு இப்ப விதையா?"

"ஆமாம்மா. கூட்டாளி ஒருத்தி சேத்திருக்கேன்."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். நான் செய்தித்தாளில் இருந்து தலையைத் தூக்கவில்லை. அடித்தண்டை ஒவ்வொன்றாக எடுத்து உடைத்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் தன் மடியில் இருந்ததை எடுத்து உதற ஆரம்பித்தார்.

விதையை ஒரு மருந்துப் புட்டியில் போட்டுப் பாதியை வைத்திருக்கிறேன். மீதியைத் தூவிவிட்டோம். இந்த மழைக்கு முளைத்திருக்கிறது, அடர்த்தி இல்லை. ரோட்டுப் பக்கம் இருக்கிற செடிகளில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறேன், அது விதைக்கு, அதைப் பறிக்கக்கூடாது. மற்றதெல்லாம் அவர் இஷ்டம். அட்டையைக் கழற்றிவிடலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். மழையில் எழுத்து பாதி அழிந்துவிட்டது. அதன்மேல் மறுபடியும் பேனாவை ஓட்டி எழுதிக்கொண்டிருக்கிறார், அதே வார்த்தைகளை.

பசாரில் மீன் வாங்கும்போது யாராவது பூத்திருடன் சம்சாரம் என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன். முறைப்பதில்லை. என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.